மலையேறிய அடுப்பு

தீ இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகச் சேதம் பார்க்கப் போகிறவனை யாரும் கூடத்தில் உட்காரச் சொல்வதில்லை. நேரே அடுப்படிக்குத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். இருபத்து மூன்று வருஷமாக நான் ஏறி இறங்கிய வீடுகளில் பாதிக்கு மேல் எனக்குத் தெரிந்தது கரி பிடித்த சுவரும் நெளிந்த பாத்திரமும்தான். அந்த வீட்டுக்காரர்களின் முகத்தை நினைவுபடுத்திப் பார்க்கிறேன். பலருடையது வர மறுக்கிறது.

இதைப் படிப்பவர்களில் என்னைப் போலச் சேதம் பார்த்தவர்களும் இருப்பீர்கள், சேதப்பட்டவர்களும் இருப்பீர்கள். பாடு இருவருக்கும் ஒன்றுதான். உண்மையைச் சொன்னோமே, நம்புவானா என்று ஒருவர் தவிக்கிறார். நம்பிவிட்டோமே, ஏமாந்தோமா என்று மற்றவர் தவிக்கிறார். எனக்கு ஐம்பத்து மூன்று வயது. இரண்டாவது தவிப்பிலேயே காலத்தைக் கழித்தவன். கொல்லிமலையில் ஒரு வீட்டு ஸ்டவ் விஷயமாக நான் போய்வந்ததை எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். அங்கே கண்டதை எண்ணி வியக்காமல் இன்றுவரை என்னால் இருக்க முடியவில்லை. அதைவிட அதிகமாக, அங்கே நான் நடந்துகொண்டதை எண்ணி.

இரவல் ஸ்டவ்

மலைக்குப் போவதற்கு முந்தின வருஷம் கீழே ஒரு தவிட்டு வியாபாரி வீட்டுக்குப் போனேன். பம்ப் ஸ்டவ் வெடித்து அடுப்படி எரிந்துவிட்டது என்று எழுதியிருந்தார். சுவர் கறுத்திருந்தது, ஸ்டவ்வும் கறுத்து ஒரு மூலையில் கிடந்தது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஸ்டவ்வைத் திருப்பி, அடியில் இருந்த கரியைக் கட்டைவிரலால் தேய்த்தேன். 'ரா. குப்பம்மாள்' என்று பேர் வெட்டியிருந்தது. அந்த வீட்டில் குப்பம்மாள் என்று யாரும் இல்லை. அடுத்த தெருவில் இருந்தார். பழைய ஸ்டவ்வை இரவல் வாங்கி, கொல்லையில் வைத்துக் கொளுத்தி, உள்ளே கொண்டுவந்து கிடத்தியிருக்கிறார்கள். பேர் வெட்டும் வழக்கத்தை மட்டும் மறந்துவிட்டார்கள்.

சேலம் ஆபீசில் என்னைப் பாராட்டினார்கள். நானோ அன்று முழுக்க கரியைத் தேய்த்த விரலை முகர்ந்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படியே போனால் பெற்ற பிள்ளையையும் திருப்பிப் பார்த்துப் பேர் தேடுவேனோ என்று மேனேஜரிடம் கேட்டேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "சந்தேகப்படறதுக்குத்தானே சார் நமக்குச் சம்பளம். நம்பறதுக்கு ஆள் வேணும்னா கம்பெனி ஒரு பூசாரியை வெச்சுக்கும்."

வெள்ளிக்கிழமைக் கடிதம்

அந்த ஆடி மாதத்தில் சென்னைத் தலைமை ஆபீசிலிருந்து ஒரு கிளெய்ம் வந்தது. கொல்லிமலை, வாழவந்தி நாடு, சடையன் என்பவருடைய வீடு. மலையடிவாரத்தில் இருந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியார் எங்களுக்கு ஏஜெண்டாகவும் இருந்தார். அவர் பிடித்துக்கொடுத்த பாலிசி. எடுத்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. சாமான் பட்டியலின் தலையில் 'பித்தளை பம்ப் ஸ்டவ் ஒன்று' என்று இருந்தது. மற்ற எல்லாம் சேர்த்து அதற்குக் கீழே ஒரே வரி.

சடையன் தமிழில் எழுதச் சொல்லி அனுப்பிய கடிதம் சென்னையிலேயே தங்கிவிட்டது. அங்கே தமிழ் தெரியாத அதிகாரிக்காக யாரோ ஒரு குமாஸ்தா அதை இங்கிலீஷில் பெயர்த்திருந்தார். அந்த நகல்தான் எனக்கு வந்தது. அதில் இருந்ததன் பொருள் இதுதான்: 'எங்கள் ஸ்டவ் வெள்ளிக்கிழமை காலை மலைமீது ஏறிச் சென்றது. சமையலறைக் கூரையும் அதனுடன் சென்றது. வந்து பார்க்கவும்.' ஓரத்தில் அதிகாரி சிவப்பு மையில் குறித்திருந்தார்: பாலிசி எடுத்தபோது ஸ்டவ் மலையில் இல்லையா? வெள்ளிக்கிழமைதான் கொண்டு போனார்களா? வீட்டுக்குள் இருக்கும் சாமானுக்குத்தானே நம் பாதுகாப்பு, வழியில் போகிற சாமானுக்கு இல்லையே?

நியாயமான கேள்வியாகத்தான் எனக்கும் பட்டது. எங்கள் டைப்பிஸ்ட் கோபால் காகிதத்தை ஒருமுறை படித்துவிட்டுத் தீர்ப்பே சொல்லிவிட்டான்: "தலைச்சுமையாத் தூக்கிட்டுப் போயிருக்கான் சார். வழியில கீழே போட்டு உடைச்சிருக்கான். பாறைக்கெல்லாம் நாம இன்ஷூரன்ஸ் குடுக்கலியே."

ஓடு சுமந்தவர்

மலைக்கு ரோடு போட்டுக்கொண்டிருந்த காலம். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து ஜல்லி ஏற்றிய லாரி சில வளைவுகள் வரை போகும். அதற்கு மேல் நடை. லாரியை விட்டு இறங்கியபோது எனக்கு முன்னால் ஓர் ஆள் ஏறிக்கொண்டிருந்தார். தலையில் சும்மாடு, அதன்மேல் பன்னிரண்டு சீமை ஓடுகள். பெயர் செல்லன் என்றார். வெறுங்கையோடு நடந்த நான் நாலு இடத்தில் உட்கார்ந்தேன். நான் உட்கார்ந்த போதெல்லாம் அவர் ஓடுகளை இறக்காமல் நின்றபடியே எனக்காகக் காத்திருந்தார். இறக்கினால் மறுபடி தூக்கிவிட ஆள் வேண்டும். என்னைத் தூக்கச் சொல்ல அவருக்குக் கூச்சம். இதுவும் எனக்கு மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் உறைத்தது.

யார் வீட்டுக்கு ஓடு என்று கேட்டேன். சடையன் வீட்டுக்கு என்றார். நான் காதைத் தீட்டிக்கொண்டேன். சடையன் வீட்டு அடுப்படி போன பிறகு, சந்தைக்கோ வேறு சோலிக்கோ கீழே இறங்குகிற ஆண்கள் எல்லோரும் திரும்பும்போது ஆளுக்குப் பத்து, பன்னிரண்டு ஓடு தூக்கிவருகிறார்களாம். யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. முதல் ஆள் தூக்கினார், அடுத்தவர் பார்த்தார். அவ்வளவுதான். ஒரு சுமைக்கு என்ன கூலி என்று, பழக்க தோஷத்தில், கேட்டுவிட்டேன். செல்லன் தலையைத் திருப்ப முடியாததால் உடம்போடு திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஊடு போனவனுக்கு ஓடு எடுத்துட்டு வாரதுக்குக் கூலிங்களா? ஏனுங்க, நீங்க எந்தச் சீமைங்க?"

பல்லி

சேதம் பார்க்கிறவனுக்கு ஒரு பெரிய தொல்லை உண்டு. நான் போய்ச் சேர்வதற்குள் வீட்டுக்காரர்கள் கூட்டி மெழுகி, வெள்ளை அடித்து, கோலமும் போட்டு வைத்திருப்பார்கள். எது எரிந்தது, எது எரியவில்லை என்று எதை வைத்துச் சொல்வது? ஓடெல்லாம் மேலே போகிறதென்றால் புதுக் கூரையே போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

ஓடுகள் வாசலில் அடுக்கியபடி இருந்தன. வீட்டின் பின்பக்கம் அடுப்படி எரிந்தது எரிந்தபடி கிடந்தது. கூரையின் மூங்கில் வாரைகள் பாதி கரியாகித் தொங்கின. தரையில் உடைந்த ஓடு, சாம்பல், ஒரு பக்கம் ஒட்டு விட்டுப் பிளந்த பித்தளை ஸ்டவ், கவிழ்ந்த சட்டி, அதிலிருந்து கொட்டிக் காய்ந்துபோன சாமைக் கஞ்சி. ஆடிச் சாரலில் நனையாமல் இருக்க, அத்தனைக்கும் மேலே நாலு கம்பு நட்டுத் தழை வேய்ந்திருந்தார்கள். கம்பு நட்ட இடங்களில்கூடச் சாம்பலில் காலடி இல்லை. வெளியே நின்றே நட்டிருக்கிறார்கள். இருபத்திரண்டு நாள். சேதம் பார்க்கிறவர் வந்து பார்க்கும்வரை ஒன்றையும் தொடக்கூடாது என்று ஏஜெண்டு வாத்தியார் சொன்னாராம். எல்லோரிடமும் சொல்வதுதான். அதை அப்படியே செய்தவர்களை நான் அதுவரை பார்த்ததில்லை. ஒரு கணம் மெய்சிலிர்த்தது. அடுத்த கணமே, இவ்வளவு பத்திரமாக ஒரு சேதத்தை வைத்திருப்பவர்கள் அதை ஏற்பாடு செய்தவர்களாகவும் இருக்கலாமே என்று தோன்றியது. அப்படித் தோன்றியதை மறைக்காமல் எழுதுகிறேன்.

சடையனுடைய மனைவி நல்லம்மாள் பலா மரத்தடியில் மூன்று கல் கூட்டி ஈர விறகில் சமைத்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். இரண்டு கண்ணும் செக்கச்செவேல் என்று நீர் வடிந்தது. முந்தானையால் ஒற்றிக்கொண்டே, என் குரல் வந்த திசைக்குக் கும்பிடு போட்டாள். எதையாவது தொட்டீர்களா என்று நான் அதிகாரமாகக் கேட்டதற்கு அவள் சொன்னது: "தொடலீங்க சாமி. உள்ள ஒரு பல்லி செத்துக் கெடக்குதுங்க. அதையுங்கூட எடுக்கலீங்க."

கைநாட்டு

விசாரித்ததில் நல்லம்மாளின் கண் விஷயம் தெரிந்தது. மாசியில் கீழே கூட்டிக்கொண்டு போய்க் கண்ணில் ஆபரேஷன் செய்திருந்தார்கள். விறகுப் புகை பட்டால் இருக்கிற பார்வையும் போய்விடும், ஒரு வருஷமாவது புகை ஆகாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் சடையன் அந்த வருஷத்து மிளகை எல்லாம் விற்று ஸ்டவ் வாங்கியிருக்கிறார். வாழவந்தி நாட்டுக்கே அதுதான் முதல் ஸ்டவ். அது போன பிறகு பக்கத்து வீட்டுப் பெண்கள் முறை வைத்துக் காலையிலும் மாலையிலும் ஆக்கிக் கொடுத்தார்கள். நடுப்பகலில் எல்லோரும் காட்டு வேலைக்குப் போய்விடுவதால் அந்த ஒரு வேளை மட்டும் அவளே அடுப்பு மூட்ட வேண்டியிருந்தது. அந்த ஒரு வேளையே அவள் கண்ணை அப்படி ஆக்கியிருந்தது. கம்பெனி ஒப்புக்கொண்டால் இன்னொரு ஸ்டவ் வரும். இல்லாவிட்டால் அடுத்த மிளகு வரை விறகுதான்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு, உள்ளே போய் உட்கார்ந்து, வாக்குமூலப் படிவத்தை விரித்தேன். ஸ்டவ் என்றைக்கு மலையேறியது என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை என்றார் சடையன். புருவம் இரண்டும் பொசுங்கி, கரிக்கோடு போட்டதுபோல் இருந்தது அவருக்கு. அதற்கு முன்னால் மலையேறவே இல்லையா என்றேன். அந்தக் கேள்வி அவருக்குப் பிடிக்கவில்லை. ஒருதரம் எண்ணெய் தீர்ந்து மலையேறப் பார்த்தது, நல்லம்மாள் ஓடிப்போய் எண்ணெய் ஊற்றிக் காப்பாற்றிவிட்டாள் என்றார். சீமெண்ணெய்க்கும் தலைச்சுமைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. மலைக்காரர்கள் பேச்சு சுற்றி வளைக்கும் என்று எண்ணிக்கொண்டேன். கூரையும் கூடவே மலையேறியதா என்று கேட்டேன். ஆமாம் என்றார். நீங்கள் இதற்குள் புரிந்துகொண்டு சிரித்திருப்பீர்கள். நான் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டிருந்தேன். 'ஸ்டவ் வெள்ளிக்கிழமைதான் மலையேறியது என்று ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரு வரி. கூரை வேறு ஏதோ தீயில் போயிருக்கும், வழியில் உடைந்த ஸ்டவ்வைக் கரிக்குள் கொண்டுவந்து கிடத்தியிருப்பார்கள் என்று மனசுக்குள் இன்னொரு வரி. தவிட்டு வியாபாரியின் கரி என் விரலில் இன்னும் இருந்தது.

படித்துக் காட்டினேன். சடையன் ஒரு சொல்லும் மறுக்காமல் கட்டைவிரலை மையில் தேய்த்து அழுத்தினார். பாவம், சரியாக எழுதியிருக்கிறேன் என்று எனக்குத் தைரியம் வேறு சொன்னார்: "ஆமாங்க, வெள்ளிக்கிழமை வெடியக்காலந்தானுங்க மலையேறுச்சு. ஊரே பாத்துச்சுங்க."

ஆடிக் காற்று

பகல்தான். ஆனால் மூடுபனி இறங்கி வீட்டுக்குள் இருட்டிக்கொண்டு வந்தது. நான் எழுதுவதற்காக நல்லம்மாள் ஒரு சிம்னி இல்லாத விளக்கை ஏற்றிக்கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள். கைநாட்டுக்குக் கீழே நான் என் கையெழுத்தைப் போடப் போகையில் கதவைத் தள்ளிக்கொண்டு காற்று வந்தது. விளக்கு போயிற்று. இருட்டில் அவள் குரல் மட்டும், யாருக்கோ சொல்வதுபோல், சாதாரணமாகக் கேட்டது. "விளக்கு மலையேறிருச்சுங்க. இருங்க, ஏத்திக்கிட்டு வாரேன்."

பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். என் வீட்டில் என் மனைவி இருபத்தெட்டு வருஷமாகத் தினமும் கேட்பாள், விளக்கை மலையேற்றிவிடட்டுமா என்று. நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் உம் என்பேன். விளக்கு அணைந்தது என்று வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அடுப்பும் விளக்கும் அணைவதில்லை, மலையேறும். கைக்குழந்தையாக இருந்தபோதே காதில் விழுந்த சொல். அது இங்கிலீஷ் சட்டை போட்டுக்கொண்டு வந்ததும் எனக்கு அடையாளம் தெரியாமல் போயிற்று. தமிழிலேயே கேள்வி கேட்டு, தமிழிலேயே பதில் வாங்கி, இரண்டையும் மனசுக்குள் இங்கிலீஷாக்கித்தான் புரிந்துகொண்டிருக்கிறேன். தலைச்சுமை, பாறை, களவு, எல்லாம் நானே கட்டியது.

விளக்கு மறுபடி வந்தபோது அவர்களிடம் உள்ளதைச் சொன்னேன். உங்களைத் திருடர்கள் என்று நினைத்துத்தான் இவ்வளவும் கேட்டேன் என்றேன். சடையன் பொசுங்கின புருவம் நெரியச் சிரித்தார். ஸ்டவ்வை வாங்கின அன்றைக்கே தலையில் வைத்து ஒரே மூச்சில் ஏறினாராம். வழியில் போட்டு உடைக்க அது என்ன பூசணிக்காயா என்று கேட்டார். ஒட்டுப் பிளந்து, எண்ணெய் பீச்சி, வாரையில் தீப்பிடித்ததை உள்ளது உள்ளபடி சொன்னார். தான்தான் பம்ப்பை அதிகமாக அடித்துவிட்டதாக, நான் கேட்காமலே, அதையும் சேர்த்துச் சொன்னார். இப்படியே கடிதத்தில் எழுதியிருக்கலாமே, வெடித்தது, எரிந்தது என்று, எனக் கேட்டேன். எழுதச் சொன்னது நல்லம்மாளாம். அவள் என்னைப் பார்க்காமல், விளக்கைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னாள்: "மூணு மாசம் என் கண்ணைக் காப்பாத்துன அடுப்புங்க. அது வெடிச்சுப் போச்சு, எரிஞ்சு போச்சுன்னு என் வாயால எப்பிடிங்க சொல்லி எழுத வெப்பேன்?"

எந்த மலை?

படிவத்தைக் கிழிக்க முடியாது. பக்கத்துக்குப் பக்கம் நம்பர் போட்டது. அதனால் அதோடு நாலு பக்கத்துக்கு ஒரு விளக்கம் எழுதிச் சேர்த்தேன். தமிழர் வீடுகளில் நெருப்புக்கு அமங்கலச் சொல் சொல்வதில்லை, தெய்வம் ஆடி முடித்துப் போவதையும் விளக்கு ஓய்வதையும் மலையேறுவதாகச் சொல்வார்கள், எனவே இதில் ஸ்டவ் எங்கும் பிரயாணம் செய்யவில்லை என்று, எனக்குத் தெரிந்த இங்கிலீஷை எல்லாம் கொட்டினேன். இருபத்து மூன்று வருஷத்தில் நான் எழுதிய ரிப்போர்ட்டுகளில் அதுதான் சிறந்தது என்று இன்றும் நினைக்கிறேன். போகும்போது நல்லம்மாளிடம் பதினைந்து நாளில் முடிந்துவிடும் என்று வாக்கும் கொடுத்தேன்.

வாக்குக் கொடுத்தது என் மடத்தனம். கடிதம் போய்வரவே பன்னிரண்டு நாள். ஒவ்வொரு நாள் நடுப்பகலிலும், ஆபீசில் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கும்போது, பலா மரத்தடியில் ஈர விறகு புகையுமே என்று எண்ணம் வரும். ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு அவள் கண்ணை ஒற்றுவது தெரியும். என் மனைவி கட்டிக் கொடுத்ததை நான் பாதி தின்று பாதி கொட்டினேன். பதின்மூன்றாம் நாள் கோபால் பதிலோடு வந்தான். அதிகாரி என் விளக்கத்தை முழுக்கப் படித்திருக்கிறார், ஓரமெல்லாம் கோடு போட்டிருக்கிறார் என்றான். கடைசியில் என்ன சொல்கிறார் என்று கேட்டேன்.

"எந்த மலைன்னு கேட்டிருக்கார் சார்."

சாட்சிகள்

அதற்கும் பதில் எழுதினேன். அடுத்து வந்த கடிதம் கொஞ்சம் இரக்கம் உள்ளது. சேதமான பொருளையும், சம்பவத்தைக் கண்ணால் கண்ட சாட்சிகளையும் சேலம் ஆபீசில் ஆஜர் செய்தால் எங்கள் மேனேஜரே விசாரித்து முடிவு செய்யலாம் என்றிருந்தது. ஏஜெண்டு வாத்தியாருக்குக் கார்டு போட்டு, சடையனுக்குச் சொல்லி அனுப்பச் சொன்னேன். ஒன்றிரண்டு பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்தோம்.

ஓர் ஆவணிப் புதன்கிழமை காலை ஆபீஸ் வாசலில் வாழைத்தார் லாரி ஒன்று நின்றது. அதிலிருந்து இறங்கினார்கள், இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். முப்பத்தொரு பேர். ஆணும் பெண்ணுமாக, துவைத்த துணி உடுத்தி, மாடிப்படியில் சத்தமில்லாமல் வரிசையாக ஏறி வந்தார்கள். முன்னால் சடையன், புதுத் துண்டில் சுற்றிய ஸ்டவ்வைக் குழந்தையைப்போல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு. அவருக்குப் பின்னால் செல்லன், ஒரு முறத்தில் உடைந்த ஓடு, கருகிய வாரைத் துண்டு, சாம்பல் கொஞ்சம். பல்லி எங்கே என்று நான் அவர் காதில் கேட்டேன். மடியிலிருந்து ஓர் இலைப் பொட்டலத்தை எடுத்துக் காட்டிவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார். நல்லம்மாள் வரவில்லை. லாரிப் புழுதி கண்ணுக்கு ஆகாது என்று விட்டுவிட்டு வந்திருந்தார்கள். ஒரு நாள் கூலியையும் ஒரு நாள் காட்டு வேலையையும் விட்டுவிட்டு, தங்களுடையதல்லாத ஓர் அடுப்புக்காக வந்து நிற்கிற அந்தக் கூட்டத்தை ஆபீஸ் முழுக்க எழுந்து நின்று பார்த்தது. எழுந்து நிற்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

மேனேஜர் எழுந்துவிட்டார். சட்டப்படி ஒரு சாட்சி போதும், ஒருவர் மட்டும் சொல்லுங்கள், மற்றவர்கள் சிரமப்பட வேண்டாம் என்றார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செல்லன் முறத்தைக் கீழே வைத்துவிட்டு மரியாதையாகச் சொன்னார்: "எல்லாருந்தானுங்க பாத்தோம். ஒருத்தரை மட்டும் கேட்டீங்கன்னா மத்தவங்க பாத்தது பொய்யாப் போயிருமுங்களே."

முப்பத்தொரு விரல்

ஆகவே முப்பத்தொரு பேரையும் கேட்டோம். மாலை வரை ஆயிற்று. என் உத்தியோகத்தில் இரண்டு சாட்சிகள் ஒரே மாதிரிச் சொன்னால் சொல்லிக்கொடுத்தது என்று அர்த்தம். ஆளுக்கொரு விதமாகச் சொன்னால் பொய் என்று அர்த்தம். இவர்கள் அந்த இரண்டிலும் சேரவில்லை. தண்ணீர் எடுக்கப் போனவள் சத்தத்தை மட்டும் சொன்னாள், தீயைப் பார்த்ததாகச் சொல்லவில்லை. மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தவர் மாடு மிரண்டதைச் சொன்னார். ஒரு கிழவர் தான் தூங்கிக்கொண்டிருந்ததாகவும், எழுப்பிச் சொன்னதால்தான் தெரியும் என்றும் சொன்னார். பின்னே ஏன் வந்தீர்கள் என்றதற்கு, தூங்கினேன் என்று சொல்வதற்கும் ஓர் ஆள் வேண்டாமா என்றார். அவரவர் கண்டதற்கு மேல் ஒரு குன்றிமணி அளவுகூட ஒருவரும் சேர்க்கவில்லை. எல்லோரும் முடிவில் அதே சொல்லைத்தான் சொன்னார்கள், மலையேறிவிட்டது என்று. கோபால் முதல் நாலு பேருக்கு டைப் அடித்தான். ஐந்தாவது ஆளிலிருந்து டைப் மிஷினை மூடிவிட்டுத் தமிழில் கையால் எழுத ஆரம்பித்தான்.

மேனேஜர் முப்பத்தொரு கைநாட்டுக்கும் கீழே கையெழுத்துப் போட்டு, ஒப்புக்கொள்ளப்பட்டது என்று எழுதினார். சென்னைக்கு இதை எப்படி இங்கிலீஷில் அனுப்புவது என்று கேட்டேன். அவர் பேனாவை மூடினார். "அப்படியே அனுப்புங்க. படிக்கத் தெரியாட்டி யாரையாவது கேட்டுக்கட்டும்."

முகம்

தை மாதம் புது ஸ்டவ்வைப் பாலிசிப் பட்டியலில் சேர்ப்பதற்காக மறுபடி மேலே போனேன். அதற்குள் லாரி இன்னும் சில வளைவுகள் போய்க்கொண்டிருந்தது. அடுப்படிக்கு ஓடு போட்டு முடித்திருந்தார்கள். ஸ்டவ் ஒரு மேடையில் நீல ஜுவாலையோடு சீறிக்கொண்டிருந்தது. பம்ப்பை இனி இத்தனை தடவைதான் அடிக்கலாம் என்று சுவரில் கரிக்கோடுகள் போட்டிருந்தார்கள். சடையன் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்: அதைத் தொட இப்போது தனக்கு அனுமதியே இல்லையாம்.

நல்லம்மாள் வெளியே வந்தாள். கண்ணில் நீர் இல்லை, சிவப்பும் இல்லை. ஒரு கண் முழுதாகத் தப்பிவிட்டது, மற்றது கொஞ்சம் மங்கல்தான் என்று சடையன் சொன்னார். அந்த மங்கலில் எவ்வளவு என் நாலு பக்க இங்கிலீஷால் தாமதமான நாட்களுக்கு உரியது என்று நான் கணக்குப் போட ஆரம்பித்தேன். அதற்குள் அவள் எனக்கு ஒரு முழத் தூரத்தில் வந்து நின்றுகொண்டு, என் முகத்தை நிதானமாக, மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே பார்த்தாள். நான் பார்த்த வீடுகளில் யாரும் என்னை அப்படிச் சேதம் பார்த்ததில்லை. குற்றவாளியைப்போல் நின்றேன்.

"அன்னிக்குப் புகையில உங்க மூஞ்சியே தெரியலீங்க சாமி. சந்தேகப்படற மூஞ்சி எப்பிடி இருக்குமுன்னு ஒருக்காப் பாக்கோணும்னு இருந்தேன். இதென்னுங்க, எங்க ஊட்டுக்காரர் மூஞ்சியாட்டமே இருக்குது."

சேதமானதை எழுத எங்கள் படிவத்தில் பதினான்கு கட்டங்கள் இருக்கின்றன. சேதமாகாததை எழுத ஒன்றுகூட இல்லை என்பதை ஐம்பத்து மூன்று வயதில் கவனித்தவனை இன்னும் வேலையில் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.